கொர்னேலியஸ் வளர்த்த கொசுக்கள்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் அந்தக் காலத்தில் கொர்னேலியஸ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சந்தேகக் கொர்னேலியஸ் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான், "ஓ, அந்த ஆளா?" என்று பெருமூச்சு விட்டபடி கையைக் காட்டுவார்கள். பால்காரன் ஊற்றிய பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் செம்பை உள்ளே கொண்டுபோவான். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது ஊரில் எல்லாரும் செய்கிற வேலை. இவன் மீன்காரன் முகத்தையும் அதே கண்ணால் பார்ப்பான். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால், இன்றைக்கு இவருக்கு எங்கேயோ விருந்து இருக்கிறது என்று பக்கத்தில் முழங்காலில் நிற்பவன் காதைக் கடிப்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவன் கண்ணுக்குப் பட்டப்பகலில் நிற்பவனும் பேய்தான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சந்தேகம்தான் அவனுக்குச் சோறு போட்டது. பிரிக்பீல்ட்ஸுக்கு வருவதற்கு முன்னால் கிள்ளான் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், இருந்தான். விடியற்காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடும்போது, காய்ச்சல் என்று சொல்லி லயத்து வரிசை வீட்டிலேயே படுத்துவிடுகிறவர்கள் உண்டல்லவா? அவர்களைப் போய்ப் பார்த்து, நிஜக் காய்ச்சலா, வேலைக்குப் போகாமல் இருக்கிற காய்ச்சலா என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் வந்து சொல்ல வேண்டும். அதுதான் அவன் உத்தியோகம். அக்குளில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு படுத்தால் உடம்பு சுடும் என்று தோட்டத்து ஜனங்களிடம் ஒரு நம்பிக்கை. அதனால் கொர்னேலியஸ் ஆளைத் தொட்டுப் பார்ப்பதோடு விடமாட்டான். போர்வையைத் தூக்கி மோந்து பார்ப்பான். வெங்காயம் மணத்தால் எழுந்திரு என்பான். மணக்காவிட்டாலும் பல நாள் எழுந்திருதான். அப்படி எழுந்துபோன சிலர் நிஜமாகவே காய்ச்சலோடு பாலுக்காக மரம் வெட்டி, மரத்தடியிலேயே சுருண்டு விழுந்ததும் உண்டு. அதையும் நடிப்பு என்றே கணக்கு வைத்துக்கொண்டான், பாவி.

இந்தக் கூரான கண்ணைப் பற்றி யாரோ எங்கேயோ சொல்லப்போக, கோலாலம்பூரில் மலேரியா ஆபீசில் கொசு பிடிக்கிற வேலை கிடைத்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. மனைவி உர்சுலாவை அழைத்துக்கொண்டு வந்து பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கம் கொடுத்த ஒற்றை அறைக் குவாட்டர்ஸில் குடியேறினான். பிள்ளை குட்டி கிடையாது. உர்சுலா அதிகம் பேசமாட்டாள். சந்தேகக்காரனைக் கட்டிக்கொண்டவள் பேச்சைக் குறைத்துக்கொள்வதில் என்ன அதிசயம்? சும்மா சிரித்தாலும் ஏன் சிரித்தாய் என்று காரணம் கேட்கிற வீட்டில் சிரிப்பு எத்தனை நாளைக்கு வரும்?

வேலை இதுதான். விடிவதற்குள் பூச்சோங் பக்கத்துத் தோட்டத்துக்கு லோரியில் போய்விட வேண்டும். ராத்திரி முழுக்க ஆட்களைக் கடித்துவிட்டு வயிறு கனத்து லயத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் மூடிப் பிடித்து, வாயில் பஞ்சை அடைத்துக் கொண்டுவர வேண்டும். எல்லாக் கொசுவும் உதவாது. காய்ச்சல் கொசு சுவரில் மற்றவை மாதிரி உட்காராது. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி, ஆணி அடித்தது போல் நிற்கும். மங்கலான வெளிச்சத்திலும் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவான் கொர்னேலியஸ்.

பிடித்து வந்ததை அறுத்துப் பார்க்கிறவர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர், தங்க பிரேம் கண்ணாடி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அளந்து வருகிற பேச்சு. கொசுவை ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் போட்டு, இரண்டு ஊசியால் வயிற்றை மெல்ல வெளியே இழுத்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைப்பார். கிருமி இருந்தால் வயிற்றுச் சுவரில் சவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாகத் தெரியும். அந்தக் கிருமி கொசுவிடம் பிறப்பதில்லை. காய்ச்சல்காரன் ரத்தத்தைக் குடித்த கொசுவுக்குள் போய், அங்கே தங்கி வளர்ந்து, பிறகு அது கடிக்கிற அடுத்த ஆளுக்குப் போகிறது. ஆகவே கொசு வயிற்றில் கிருமி இருந்தால் அந்த லயத்தில் காய்ச்சல்காரன் ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆனால் குடித்த மறுநாளே அறுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் உயிரோடு வைத்திருந்து அறுத்தால்தான் உருண்டை பெருத்துக் கண்ணில் படும். அதற்காக அரிக்கேன் விளக்கின் சிம்னிக் கண்ணாடியை எடுத்து, மேல் வாயையும் கீழ் வாயையும் மெல்லிய மஸ்லின் துணியால் கட்டி, கொசுக்களை அதற்குள் விட்டு வைப்பார்கள். சாப்பாடு, ஊற வைத்த திராட்சை வற்றல். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. முக்கியமாக ரத்தம் கூடவே கூடாது. புது ரத்தம் உள்ளே போய்விட்டால், கிருமி லயத்திலிருந்து வந்ததா, பிறகு வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

சிம்னிகளை ஆபீசிலேயேதான் வைக்க வேண்டும். கொர்னேலியஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தகரக் கூரை, சூட்டில் கொசு செத்துவிடும் என்று கார்த்திகேசுவிடம் காரணம் சொன்னான். நிஜக் காரணம் வேறு. அங்கே தம்புசாமி என்று இன்னொரு கொசு பிடிக்கிறவன் இருந்தான். வெற்றிலையும் சிரிப்புமாகத் திரிகிற ஆள். எப்போது பார்த்தாலும் சிரிக்கிறவனை நம்பி உயிருள்ள சாமானை விட்டுப் போகலாமா? கார்த்திகேசு யோசித்துவிட்டுச் சரி என்றார். யாரும் தொடக் கூடாது, பொறுப்பு உம்முடையது என்றார். கொர்னேலியஸ் சிம்னிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்படிக்குப் பின்னால் தண்ணீர்ச் சாடி ஓரத்தில் வைத்து, நனைத்த கோணிச் சாக்கைப் போட்டு மூடினான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது.

முதல் தடவை வைத்த கொசுக்கள் பத்து நாளில் பாதிகூடத் தாக்குப்பிடிக்காமல் மொத்தமாகச் செத்துப்போயின. கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பே கொர்னேலியஸுக்குப் போதுமாயிருந்தது. வேலை போய்விடும், இந்தக் கூரையும் போய்விடும், மறுபடியும் தோட்டத்துக்குத்தான் என்று வீட்டில் புலம்பித் தள்ளினான். சோறு இறங்கவில்லை. உர்சுலா தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

இரண்டாம் தடவை வைத்தவை செழித்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. கொர்னேலியஸ் மாப்பிள்ளை முறுக்கோடு சிம்னிகளைக் கொண்டுபோய்க் கார்த்திகேசுவின் மேசையில் வைத்தான். அவர் ஒவ்வொன்றாக அறுத்தார். முதலாவதில் உருண்டை, அடுத்ததில் உருண்டை, அதற்கடுத்ததிலும் கொத்துக் கொத்தாக உருண்டை. கொர்னேலியஸ் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாராட்டு வரும் என்று நினைத்தான்.

வந்தது வேறு. அந்தப் பூச்சோங் லயத்தில் குழந்தை முதல் கிழவர் வரை எல்லார் விரலையும் குத்தி ரத்தம் பார்த்தாகிவிட்டது. ஒருவருக்கும் கிருமி இல்லை. காய்ச்சலே இல்லாத லயத்துக் கொசுவுக்குக் கிருமி வானத்திலிருந்தா வந்தது? அதுவும் போக, பத்து நாள் திராட்சை தின்ற கொசு வயிற்றில் கறுத்த ரத்தம் மிச்சம் இருந்தது.

"கொர்னேலியஸ், இது பூச்சோங் கொசு இல்லை" என்றார் கார்த்திகேசு. "நீர் பிடிச்சது செத்துப்போச்சுது. வேறை எங்கையோ காய்ச்சல் தோட்டத்திலை பிடிச்சு நிரப்பிப்போட்டு வந்து நிக்கிறீர்."

மாதா மேல் சத்தியம் என்றான் கொர்னேலியஸ். வேளாங்கண்ணி, பூண்டி என்று எல்லா மாதாவையும் கூப்பிட்டான். கார்த்திகேசு கையைக் கழுவிக்கொண்டே, சத்தியம் எல்லாரும்தான் பண்ணுவார்கள் என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவையும் இப்படி வந்தால் பெரிய டாக்டருக்கு எழுதிப் போடுவாராம். வேலையும் போகும், குவாட்டர்ஸும் போகும். கள்ளன் என்ற பெயர் மட்டும் கூடவே வரும்.

கொர்னேலியஸ் நடந்தே வீட்டுக்கு வந்தான். உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் நிற்பது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் எத்தனை பேரை அப்படி நிறுத்தி வைத்திருப்பான்! அந்த நினைப்பு அவனுக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அவனுக்கு வந்ததெல்லாம் தம்புசாமியின் முகம்தான்.

தம்புசாமி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தானாம். குடையைக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் சிம்னியைத் திறந்து கொசுவை மாற்றியிருந்தால்? மறுநாள் ஆபீஸ் வாசலில் அவனை மறித்துக் கேட்டேவிட்டான். தம்புசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அண்ணே, ஒங்க கொசுவக் கெடுத்து எனக்கு என்ன கெடைக்கப் போவுது லா? எங் கொசுவையே என்னால மேய்க்க முடியல."

சிரித்தது கொர்னேலியஸின் சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது. மூன்றாம் தடவை பிடித்து வந்த கொசுக்களைச் சிம்னிக்குள் விட்டதும், துணியைக் கட்டிய நூல் முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சூட்டோடு தன் கட்டைவிரலை அழுத்தி ரேகை பதித்தான். இனி எவன் திறந்தாலும் அரக்கு உடையும். உர்சுலா அடுப்பை ஊதியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் சுடலையா என்று மட்டும் கேட்டாள்.

மூன்று நாள் கழித்துச் சாக்கை விலக்கிப் பார்த்தவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரக்கு உடையவில்லை. ரேகை அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே கொசுக்களின் வயிறு குன்றிமணி மாதிரி சிவந்திருந்தது. பூட்டு பூட்டியபடி இருக்க, உள்ளே இருந்தவன் விருந்து சாப்பிட்டிருக்கிறான்! அரை நிமிஷம் பேய் பிசாசைக்கூட நினைத்துப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டான்.

அன்றைக்கு மத்தியானம் உர்சுலா குனிந்து ரசம் ஊற்றும்போது சேலைத் தலைப்பு நழுவியது. முழங்கையின் உட்பக்கத்தில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள், ஒரே வட்டத்துக்குள் அடைத்தது போல. கொர்னேலியஸ் கையைப் பிடித்தான். எண்ணெய் தெறித்தது என்றாள். எண்ணெய் எந்த ஊரில் வட்டம் போட்டுத் தெறிக்கும்? அவள் கையைக் கழுவப் போனதும், அடுப்படிக்குப் பின்னால் போய்ச் சிம்னியின் வாயைப் பார்த்தான். அதே வட்டம்.

அதற்கு மேல் அவன் மூளை ஓடிய ஓட்டத்தைச் சொன்னால் நமக்கே வெட்கமாக இருக்கும். உர்சுலாவுக்கும் தம்புசாமிக்கும் ஏதோ பேச்சு இருக்கிறது. தன்னைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு அந்த வேலையில் தம்புசாமி தன் மச்சானை வைக்கப் பார்க்கிறான். அதற்கு இவள் கூட்டு. இவளுக்கு அதில் என்ன லாபம்? தெரியவில்லை. தெரியாததே பெரிய ஆதாரமாகப்பட்டது. இரண்டு நாள் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல், அவள் போகிற வருகிற இடமெல்லாம் கண்ணாலேயே பின்தொடர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது, தலை வலிக்கிறது, நீங்க போயிட்டு வாங்க என்றாள் உர்சுலா. இப்படி அவள் பூசையைத் தவறவிடுவது கொஞ்ச நாளாகவே நடக்கிறது. கொர்னேலியஸ் தலையை ஆட்டிவிட்டுப் போனான். சாமியார் பிரசங்கத்துக்குத் திரும்பியதும் பக்கவாசல் வழியாக நழுவி, சந்து சந்தாக நடந்து வீட்டின் பின்பக்கம் வந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். உள்ளே ஆம்பிளைக் குரல் கேட்கிறதா என்று சுவரில் காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவைத் தள்ளினான்.

தண்ணீர்ச் சாடிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள் உர்சுலா. வெளியே தார் உருகுகிற வெயில். அவளோ கம்பளியைக் கழுத்து வரை போர்த்தியிருந்தாள். மடியில் கோணிச் சாக்கு. சாக்குக்கு அடியில் சிம்னியின் வாயைத் தன் முழங்கை மேல் கவிழ்த்து அழுத்தியிருந்தாள். துணியில் ஊசி நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறது. கொசுவுக்கு அது போதாதா?

என்ன பண்றே என்று கத்தினான். அவள் திடுக்கிடவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"அசைக்காதீங்க. இன்னும் ரெண்டு குடிக்கல."

கொர்னேலியஸ் வாயிலிருந்து வார்த்தை வண்டி வண்டியாக வந்தது. என்னைக் கெடுத்தாயே, கள்ளன் பட்டம் வாங்கிக் கொடுத்தாயே, யார் சொல்லிச் செய்தாய், தம்புசாமியா என்று கேட்டான். உர்சுலா கடைசிக் கொசு குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்து, சிம்னியை மெல்ல எடுத்துச் சாடி ஓரத்தில் வைத்து, சாக்கை மூடினாள். அவள் பல்லோடு பல் அடித்துக்கொண்டது.

"மொத கொசு செத்தப்ப நீங்க சோறு தின்னீங்களா?" என்றாள். "வேல போயிரும், வீடு போயிரும்னு பொலம்புனீங்க. திராட்சயத் தின்னு எது உசுரோட இருக்கும்? ரத்தங் குடிக்கிற சீவனுக்கு ரத்தந்தான வேணும். குடுத்தேன். பொழச்சிச்சு. பசியோட ஒரு உசுரு வீட்டுக்குள்ள கெடந்தா வீடு வெளங்குமா?"

கொர்னேலியஸ் அவளைத் திட்ட வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. சந்தேகப்பட்டுப் பழகிய மூளைதானே, ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட அதற்குச் சொல்லித்தர வேண்டாம். பூச்சோங்கில் யாருக்கும் கிருமி இல்லை. கொசுவுக்குக் கிருமி இருந்தது. கொசு குடித்தது இவள் ரத்தம். வெயிலில் கம்பளி. போன ஞாயிறு தலைவலி, அதற்கு முன் ஞாயிறும் தலைவலி.

"ஒனக்குக் காய்ச்சலா?"

உர்சுலா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எப்பலேருந்து?"

"கிள்ளான்லேருந்து. வரும், போவும். மொறக்காய்ச்சல்."

"ஏன் சொல்லல?"

அப்போதுதான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"சொன்னேன். கட்டிக்கிட்டு வந்த மொத வருசம் சொன்னேன். போர்வையத் தூக்கி மோந்து பாத்தீங்க. வெங்காயம் மணக்குது, எந்திரின்னு சொன்னீங்க. கொழம்புக்கு வெங்காயம் உரிச்ச கை, மணக்காம என்ன செய்யும்? அன்னிக்கு மரம் வெட்டப் போனேன். அதுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

கொர்னேலியஸ் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். கையில் செருப்பு இன்னும் இருந்தது. அவனுக்கு அந்த நாள் ஞாபகம் வரவே இல்லை. எத்தனையோ போர்வைகள், எத்தனையோ எழுந்திரு. அதில் ஒன்று கட்டினவளுடையது. அவளுக்கு மறக்கவில்லை, இவனுக்கு நினைவே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. கொசு வயிற்றில் இருந்ததைத் தேடிப் பூச்சோங் வரைக்கும் லோரி ஏறிப்போன மனுஷன், ஒரே பாயில் படுத்தவள் உடம்பு சுட்டதைத் தெரிந்துகொள்ளவில்லை. அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இந்த அழுகையில் என்ன சூது இருக்கிறதோ என்பது போலத் தள்ளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போய்க் கார்த்திகேசுவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவ்வளவு முழுதாகச் சொல்லியிருக்கமாட்டான். கார்த்திகேசு கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்டைக்குத் தம்புசாமி மேலை பழி. இண்டைக்குப் பெண்சாதி மேலையோ?"

பெரிய டாக்டருக்கு எழுதக் காகிதத்தை எடுத்து வைத்தார். கொர்னேலியஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பேசப் பேச, அவன் பேச்சு அவன் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. இத்தனை நாளாகக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துப் பழகிய காதல்லவா? நிஜம் எப்படி ஒலிக்கும் என்று அதற்குத் தெரியவில்லை.

வாசலில் நிழலாடியது. உர்சுலா நின்றாள். கம்பளியோடு பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கொர்னேலியஸ் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாக வந்திருந்தான். அவள் நேரே மேசைக்கு வந்து, கார்த்திகேசுவின் முன்னால் விரலை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லமாட்டாருங்க. சந்தேகப்படுவாரு. பொய் சொல்லமாட்டாரு."

கார்த்திகேசு அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசியை எடுத்து விரலைக் குத்தி, சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காயவைத்து, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார், ரத்தத்தில் கிருமி இருந்தது. பிறகு அவளைப் பெஞ்சில் படுக்கச் சொல்லி, இடது விலா எலும்புக்குக் கீழே மெதுவாக அழுத்தினார். உர்சுலா முகத்தைச் சுளித்தாள். அங்கே கல் மாதிரி ஒரு கட்டி இருந்தது. காய்ச்சல்கட்டி என்று தோட்டத்தில் சொல்வார்கள். முறைக்காய்ச்சல் தங்கித் தங்கி உள்ளே கெட்டிப்பட்டது.

"இது நேற்று முந்தநாள் வந்த கட்டி இல்லை" என்றார் கார்த்திகேசு, கொர்னேலியஸைப் பார்க்காமல். "வருஷக்கணக்காக இந்தப் பிள்ளை இதோடைதான் திரிஞ்சிருக்கிறா. சிம்னி உங்கடை வீட்டுக்கு வர முதலே இது இருந்திருக்கு."

எழுதத் தொடங்கிய காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். பூச்சோங் லயத்தின் மேல் இருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது. இனிமேல் சிம்னி எதுவும் ஆபீசை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். தம்புசாமியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளும் என்றார். வேலை தப்பியது, வீடும் தப்பியது. கள்ளன் என்ற பெயரும் போயிற்று. கொர்னேலியஸ் கும்பிட்டான்.

உர்சுலாவுக்குக் கொய்னா மாத்திரை எழுதிக் கொடுத்தார் கார்த்திகேசு. தினம் விடாமல் கொடுக்க வேண்டும், விட்டால் திரும்பவும் வரும் என்று எச்சரித்தார். கசப்புக்குப் பயந்து பெண்கள் கன்னத்தில் அடக்கிவைத்துப் பிறகு துப்பிவிடுவார்கள், விழுங்கினாளா என்று வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அதைக் கொர்னேலியஸுக்குச் சொல்லித்தரவேண்டியதே இல்லை. கிள்ளான் தோட்டத்தில் கொய்னா கொடுக்கிற நாளில் லயத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஆ என்று திறக்க வைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்துக்குள் விரலை விட்டே பார்த்தவன் அவன்.

மறுநாள் காலையில் கஞ்சி காய்ச்சியது அவன்தான். ஓரம் தீய்ந்துபோயிருந்தது. மாத்திரையையும் தண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்து பாயில் உட்கார்ந்திருந்தவள் கையில் கொடுத்தான். உர்சுலா மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரை ஊற்றி, கண்ணை இறுக மூடி விழுங்கினாள். கசப்பு உடம்பெல்லாம் உலுக்கியது. செம்பைக் கீழே வைத்தாள். முகத்தை அவன் பக்கம் திருப்பி, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

கொர்னேலியஸ் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

"மூடு உர்சுலா. முழுங்கிட்டேன்னு சொன்னாப் போதும். நான் நம்புறேன்."

அவள் மூடவில்லை. இது என்ன புதுச் சோதனை என்று கண்கள் அவனையே கவனித்தன. அவன் திரும்பிக் குனிந்து, வாய்க்குள் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அப்படியே திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.